இருமலுக்கு ஒரு படி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "பாட்டி சொன்னாள்" என்று ஓரிடத்திலும் போடக் கூடாது, என் வாயில் "நான்" என்று வந்தால் "நான்" என்றே எழுத வேண்டும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். ஒரு கதையை யார் சொல்வதாகச் சொல்கிறோம் என்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று ரேடியோ விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தவள்.

ரேடியோ என்பது அவளுக்கு நாங்கள் வைத்த பெயர். சட்டை தைக்கும் கம்பெனியில் இரண்டாவது மாடி எங்களுடையது. மெஷின்களெல்லாம் கீழே. தைத்து முடித்த சட்டைகள் மேலே வரும். நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையால் பொத்தான் வைப்போம், தொங்கும் நூலை நறுக்குவோம். மெஷின் சத்தம் இல்லாத இடம் என்பதால் எங்கள் வாய் ஓயாது. வாய் ஓடினால் கை நின்றுவிடும். சூப்பர்வைசர் மூச்சு வாங்க மாடியேறி வந்து கத்திவிட்டுப் போவார். அவர் முதுகு மறைந்ததும் அவரைப் பற்றியே பேச ஆரம்பிப்போம்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டியவள் ரேடியோ. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ பழைய பத்திரிகையில் இருந்த கதையை வாய்விட்டு வாசித்தாள். மணி அடித்த பிறகும் எங்களுக்கு எழுந்திருக்க மனமில்லை. "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம், கை தன்பாட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சட்டைக் குவியல் சீக்கிரம் கரைந்ததைப் பார்த்த சூப்பர்வைசர் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உயரமான முக்காலியில் உட்கார்ந்து அவள் வாசிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துத் தைத்துவிடுவோம். பக்கத்துக்கு அடையாளமாகச் சட்டைக் காலருக்குள் வைக்கும் அட்டையைச் செருகி வைத்திருப்பாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர்.

குரல் என்றால் அது குரல். முன்பு பஸ் நிலையத்தில் எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று மைக்கில் சொல்லும் வேலை பார்த்தவள். பிறகு அவள் குரலையே பதிவு செய்துகொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அவள் பஸ் ஏறப் போனால் அவள் குரலே அவளுக்கு வண்டி சொல்லும். "என்னைக் கேக்காம என் வாய் அங்க தனியா வேலை பார்த்துட்டு இருக்கு, அக்கா" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு மட்டும் அதைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு ஒரு மாதிரி கூசும். அவளைக் கட்டியவர் கடல் தாண்டி வேலைக்குப் போனார். சில காலம் போன் வந்தது, பிறகு நின்றுபோனது. பிள்ளை குட்டி இல்லை. ஒரு வயதான அம்மாளின் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள்.

எல்லா வம்புக்கும் காரணமான புத்தகம் ஒன்று பழைய பேப்பர் கடையில் அவளுக்குக் கிடைத்தது. அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. "யாருடி எழுதினது?" என்றால், "எழுதினவரை எலி தின்னுடுச்சு" என்பாள். ஒரு கிழவி வீட்டு மாடியில் குடியிருக்கும் வாடகைக்காரனைப் பற்றிய கதை. கிழவிக்கு அவனுடைய பழைய திருட்டு ஒன்று தெரிந்துவிடுகிறது. அவள் வாயை எப்படி மூடுவது என்று அவன் யோசிக்கிறான்.

முதலில் அந்தக் கதை எடுபடவில்லை. அவன் போனான், அவன் வந்தான், அவன் நினைத்தான் என்று தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. காஜாக்காரி வாய் கிழியக் கொட்டாவி விட்டாள். பொத்தான் நுழையும் ஓட்டையைத்தான் காஜா என்போம். ஒவ்வொரு சட்டையிலும் அது சரியாகத் திறந்திருக்கிறதா என்று சின்னக் கத்தியால் கீறிப் பார்ப்பது அவள் வேலை. சட்டையில் மட்டும் இல்லை, ஆட்களிடமும் எங்கே ஓட்டை என்று கீறிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. "ரேடியோ, ஸ்டேஷனை மாத்து. தூக்கம் வருது" என்றாள்.

மறுநாள் காலை ரேடியோ புத்தகத்தைத் திறந்தாள். வெந்நீர் ஒரு வாய் குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள்.

"நான் மாடிப்படியின் உச்சியில் நிற்கிறேன். கீழே கிழவி விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் காது கூர்மை. ஆனால் இருமும்போது அவளுக்கு எதுவும் கேட்காது. அவள் இருமுகிறாள். நான் ஒரு படி இறங்குகிறேன். காத்திருக்கிறேன். அவள் இருமுகிறாள். நான் இன்னொரு படி இறங்குகிறேன்."

எனக்குக் கை ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது. இவ்வளவு நாள் யாரோ ஒருவனாக இருந்தவன், எங்களுக்கு எதிரில் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ரேடியோவின் நீளக் கழுத்தும் ரேடியோவின் கையும் இருந்தன. இனிமேல் அவனே தன் கதையைச் சொல்கிறான் போல, புத்தகத்திலேயே அப்படித்தான் மாறுகிறது போல என்று நினைத்துக்கொண்டோம். பயமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை, கேட்டோம். குவியல் குவியலாகச் சட்டை கரைந்தது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல்.

நாள் போகப் போக எங்கள் போக்கே மாறிவிட்டது. யாராவது இருமினால் எல்லாத் தலையும் முக்காலிப் பக்கம் திரும்பும். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி தன் இருக்கையை மேசையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டாள். ரேடியோவின் பிளாஸ்க்கில் யாரும் வெந்நீர் கேட்பதில்லை. சாயங்காலம் வேலை விட்டுப் படி இறங்கும்போது அவளுக்கு முன்னால் இறங்க யாருக்கும் துணிவில்லை. "நீ போ ரேடியோ, நீ போ" என்று வழி விட்டுவிட்டு அவள் போன பிறகு இறங்குவோம். புத்தகத்தில் இருப்பதைத்தான் வாசிக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். காதுக்குத்தான் தெரியவில்லை. நான் என்று சொல்பவள் எதிரில் இருக்கும்போது காது வேறு யாரைத் தேடும்?

அவளும் அதைக் கவனித்தாள். "என்னக்கா, எல்லாரும் என்னைப் பேயைப் பாக்கிற மாதிரி பாக்கிறீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"நல்லா படிக்கிறே, அதான்" என்றேன்.

வாடகைக்காரன் கிழவிக்கு ஒரு படி மேலே வந்து நிற்கும் இடத்தில் வாராந்திர விடுமுறை குறுக்கிட்டது. "என் கை அவள் தோளுக்கு நேராக நீள்கிறது" என்பதோடு காலர் அட்டையைச் செருகி மூடிவிட்டாள்.

விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தபோது ரேடியோவின் முகம் வெளிறிப் போயிருந்தது. சேலையெல்லாம் கசங்கல். முக்காலியில் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்காரம்மா விழுந்துட்டாங்க. நேத்து காலைல. தலையில நல்ல அடி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு, இன்னும் கண்ணு முழிக்கல."

காஜாக்காரி கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க விழுந்தாங்க?"

"மாடிப்படியில."

கீழேயிருந்து மெஷின்களின் அதிர்வு மட்டும் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ எங்க இருந்தே?"

"மாடியில. என் ரூம்ல. சத்தம் கேட்டு ஓடி வந்து பாத்தேன். நான்தான் ஆட்டோ பிடிச்சு..." என்றவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

அன்று வாசிப்பு இல்லை. அவள் எங்களோடு உட்கார்ந்து பொத்தான் வைத்தாள். ஊசியில் நூல் கோக்கவே அவளுக்குக் கை வரவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தைரியம் வந்து உட்காரவில்லை, எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்ததில் வந்த வீம்பு. அவள் முழங்கை என் முழங்கையில் பட்டபோதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டுக்காரம்மாளின் மகன் வேறு தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். காஜாக்காரி அன்று மாலையே தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் அங்கே போய்விட்டாள். இரண்டு நாளில் அவர் எங்கள் மாடிக்கு வந்து நின்றார். ஷேவ் செய்யாத முகம். பின்னால் சூப்பர்வைசர்.

"எங்கம்மாவைப் படியிலேர்ந்து தள்ளினதா இவங்க இங்க சொன்னாங்களாம். 'நான் மேல நின்னேன், நான் இறங்கினேன், என் கை நீண்டுச்சு'ன்னு சொன்னாங்களாம். கேட்டவங்க இருக்காங்களாம். யாரு கேட்டீங்க?"

எல்லாரும் சட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

"அது கதைங்க" என்றாள் ரேடியோ. "புத்தகத்துல இருக்கிறது. அம்மா விழுறதுக்கு முந்தியே படிச்சது."

"அப்போ முந்தியே யோசிச்சு வெச்சதுதானே?"

"அய்யோ, புத்தகத்துல அப்படித்தான் இருக்குங்க!"

சூப்பர்வைசர் முக்காலியில் கிடந்த புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காலர் அட்டை செருகியிருந்த பக்கத்தைத் திறந்தார். முன்னால் புரட்டினார். பின்னால் புரட்டினார். அவர் விரல் வரி வரியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் நின்றது.

"இதுல எங்கேயும் 'நான்'னே இல்லையேம்மா. எல்லா எடத்துலயும் 'அவன்'னுதானே போட்டிருக்கு?"

அதுவரைக்கும் நான் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி அந்தப் புத்தகம். அதுவும் போய்விட்டது. மேசையைச் சுற்றி ஒரு சத்தம் எழுந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்ததுபோல.

ரேடியோ முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அவன் அவன்னு படிச்சா யாருக்கும் உறைக்கலைங்க. கொட்டாவி விட்டாங்க. வீட்டுக்காரம்மாகிட்ட சாயங்காலத்துல படிச்சுக் காட்டுவேன். அவங்கதான் சொன்னாங்க, 'எவனோ ஒருத்தன்னா எனக்கு என்ன பயம்? நான்தான் அவன்ங்கிற மாதிரி படிச்சுப் பாரு'ன்னு. படிச்சேன். அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அப்புறந்தான் இங்கேயும் அப்படிப் படிச்சேன்."

"எங்கம்மாவா?" மகனின் குரல் உடைந்தது. "எங்கம்மாவா சொன்னாங்க? எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல மாட்டாங்கன்ற தைரியமா? வாங்க, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம். அங்க சொல்லுங்க இந்தக் கதையை."

அவர் அவள் பக்கமாக ஒரு அடி வைத்தார். ரேடியோ என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது. இவள் செய்திருப்பாளோ என்ற பயம் எனக்குப் போகவில்லை. செய்யாதவளைக் கொண்டுபோய்விட்டார்களானால் என்ற பயம் அதைவிடப் பெரிதாக எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன்.

"தம்பி, கொஞ்சம் இருங்க. இவ என்ன சொன்னான்னு கேக்கத்தானே வந்தீங்க? கேட்டவ நான். ஒரு வார்த்தை விடாம சொல்றேன். கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க."

படிக்கத் தெரியாதவள் காதில் போட்டுவைத்தது அழியாது. கண்ணை மூடிக்கொண்டேன். ரேடியோ எப்படித் தாழ்த்திச் சொன்னாளோ அப்படியே ஆரம்பித்தேன்.

"நான் மாடிப்படியின் உச்சியில் நிற்கிறேன். கீழே கிழவி விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்..."

சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. காலுக்கடியில் படியின் விளிம்பு தெரிந்தது. சுவரில் கையூன்றி நிற்பதுபோல இருந்தது. அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவள் பின்னங்கழுத்தில் நரைமுடி சுருண்டு கிடப்பது தெரிந்தது. "அவள் இருமுகிறாள். நான் ஒரு படி இறங்குகிறேன். காத்திருக்கிறேன்" என்று நிறுத்தினேன்.

அந்த நிசப்தத்தில் சூப்பர்வைசருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டதோ என்னவோ, மெதுவாக இருமினார்.

என் கால் ஒரு அடி முன்னால் போனது. நான் வைக்கவில்லை, அது போனது.

"போதும்!" என்று மகன் கத்தினார். கண்ணைத் திறந்தேன். அவர் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். காஜாக்காரி மேசைமேல் கிடந்த கத்தியை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். இத்தனை நாள் அவளைப் பார்த்த அதே பார்வை.

"தம்பி, உங்க வீடு எந்தத் தெருவுலன்னுகூட எனக்குத் தெரியாது. என்னைப் பாத்து ஏன் பின்னால போனீங்க?"

அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்னு சொன்னதுக்காக இவளைக் கூட்டிட்டுப் போறதுன்னா, இப்ப நானும் சொல்லிட்டேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

மேசையின் மறுகோடியிலிருந்த புதுப்பெண் விசும்ப ஆரம்பித்தாள். மகன் அங்கே கிடந்த சட்டைக் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தார்.

"அம்மா கண்ணு முழிக்கட்டும். அவங்க வாயால கேட்டுக்கிறேன். அதுவரைக்கும் இவங்க எங்கேயும் போகக் கூடாது. முழிக்காமலே போயிட்டாங்கன்னா..." என்று என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுல இருப்பா" என்றேன். வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாரைக் கூட்டிப்போகிறேன் என்று உறைத்தது.

ரேடியோவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எங்கள் வீட்டில் படி இல்லை என்பது ஒரு நிம்மதி. "யாரும்மா இது?" என்ற என் பிள்ளைகளிடம், "சித்தி மாதிரி, தொணதொணக்காதீங்க" என்றேன். நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். பாத்திரம் துலக்கினாள், துணி மடித்தாள். பேசவில்லை. இத்தனை பெரிய குரல்காரி குரலை எங்கோ வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தாள். அடிக்கடி வாசல் பக்கம் காது வைப்பாள், செய்தி வருகிறதா என்று. நானும் வைப்பேன். எனக்குத் தொண்டை கரகரத்தால் தண்ணீர் குடித்து விழுங்கிவிடுவேனே தவிர, வீட்டுக்குள் இருமவில்லை. அவளும் இருமவில்லை.

ஒரு முறை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அக்கா, நீங்க நம்புறீங்களா?"

"எதை?"

"நான் செய்யலைன்னு."

"செஞ்சிருந்தா உன்னை வீட்டுல விட்டுட்டு வெங்காயம் நறுக்கக் கத்தியும் குடுத்திருப்பேனா?" என்றேன். அவள் சிரித்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் கத்தியைக் கழுவி மேல் அலமாரியில் வைத்தேன்.

மகன் மறுபடி எங்கள் மாடிக்கு வந்தது ஒரு மதிய நேரம். ஷேவ் செய்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி அவர் வாய் திறக்கும்வரை வரவில்லை. நேராக ரேடியோவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா பேசிட்டாங்க. மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வாளியைத் தூக்கிட்டு ஏறினாங்களாம். வாளி விளிம்பு முட்டியில இடிச்சு, கால் தவறிடுச்சாம்." எச்சில் விழுங்கினார். "அப்புறம் இன்னொன்னும் கேட்டாங்க. 'அவ எங்கடா? கிழவியைத் தள்ளினானா இல்லையான்னு தெரியாம கண்ணை மூட முடியல, வந்து மிச்சத்தைப் படிக்கச் சொல்லு. நான்னு படிக்கணும், அதுதான் நல்லா இருக்கு'ன்னாங்க."

ரேடியோ தரையில் உட்கார்ந்து அழுதாள். அவரும் பக்கத்தில் குந்திக்கொண்டு, "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். காஜாக்காரி மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, "நான் என்னமோ கேட்டதைத்தானே சொன்னேன்" என்று முணுமுணுத்தாள். பொய் இல்லை, அவள் கேட்டதைத்தான் சொன்னாள்.

மறுநாள் ரேடியோ முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறந்து, காலர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாள். "அவன் கை அவள் தோளுக்கு நேராக நீண்டது. அவன் தயங்கினான்."

செத்த குரல். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து வருகிற அவள் குரல்கூட அதைவிட உயிரோடு இருக்கும். ஊசிகள் ஊர்ந்தன. காஜாக்காரிக்குக் கொட்டாவி வந்தது. இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்து" என்றேன். "உனக்கு அவன் யாரு? மாமனா மச்சானா? நான்னு படி."

"வேணாங்கக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"எங்களுக்கும்தான். படி."

அவள் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுப்பெண் மறுகோடியிலிருந்து தன் இருக்கையை இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தாள். ரேடியோ வெந்நீர் குடித்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என் கை அவள் தோளுக்கு நேராக நீள்கிறது..."

அன்றைக்குச் சட்டைக் குவியல் கரைந்ததே தெரியவில்லை.

மாலை மணி அடித்ததும் எல்லாரும் படிக்கட்டுக்கு வந்தார்கள், பழக்கதோஷத்தில் அவளுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. "நான் முன்னால போறேன், நீ பின்னால வா" என்று சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தேன். முதல் திருப்பம் வரைக்கும் ஒன்றும் இல்லை. திருப்பத்தில் வெளிச்சம் குறைவு. அங்கே எனக்குத் தொண்டையில் பஞ்சு சிக்கியதுபோல ஒரு கரகரப்பு. எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். இருமிவிட்டேன்.

பின்னால் ஒரு செருப்புச் சத்தம் ஒரு படி இறங்கியது.

இறங்கி வருகிறவள் படியில் கால் வைக்கத்தானே செய்வாள்? எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. தெரு வரும்வரை கைப்பிடியை மட்டும் விடவில்லை.